பணம் வருமுன் வைத்த கையெழுத்து

பிளேஸ்டோ
02.09.2009

அன்புள்ள வாமதேவன் அண்ணைக்கு,

நீங்களும் சுசிலா அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் எடுத்துத் தந்த பிளாட் வேலையில் பதினான்கு குளியலறைக்கும் டைல்ஸ் பதித்து முடித்துவிட்டேன். கூலி எட்டாயிரம் பவுண் வர வேண்டும். எதற்கென்று உங்களுக்குத் தெரியும். என் தம்பி றமணன், சண்டை முடிந்து கொண்டுபோய் அடைத்த வவுனியா முகாமில்தான் இன்னும். காசு வாங்கிக்கொண்டு வெளியில் எடுத்துவிடுகிற ஆள் இந்த மாதக் கடைசிவரைதான் பொறுப்பாராம்.

நீங்கள் அனுப்பிய தாளில் "பணம் முழுவதும் கிடைத்தது, இனி உரிமை கோரமாட்டேன்" என்று இருக்கிறது. இன்னும் வரவில்லையே, அண்ணை?

தவராசா

ரெய்னர்ஸ் லேன்
05.09.2009

அன்புத் தம்பி தவராசா,

வேலை செய்த எல்லாரும் கையெழுத்து வைத்த தாளைக் காட்டினால்தான் கட்டட முதலாளி எனக்குக் காசு விடுவான். பிறகு யாரும் தன்னிடம் வந்து கேட்கக் கூடாது என்ற பயம் அவனுக்கு. காசு வந்த அன்றே உன் கையில் தருவேன். ஜெர்மனியில் ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்த ஆட்கள் நாங்கள். என்னிலும் சந்தேகமோ?

வாமதேவன்

பிளேஸ்டோ
04.10.2009

அன்புள்ள அண்ணைக்கு,

போன் எடுக்கிறீர்கள் இல்லை. முதலாளியிடம் போனேன். உங்களுக்கு முழுக்காசும் கொடுத்தாயிற்றென்று நான் கையெழுத்து வைத்து உங்களுக்கு அனுப்பிய தாளையே எடுத்துக் காட்டினார். சட்டத்தரணி தில்லையம்பலத்திடம் கேட்டேன். "காசு கைக்கு வந்தாப் பிறகுதான் இது செல்லும் எண்டு ஒரு வரி போட்டிருக்கலாம், தம்பி" என்றார். அந்த வரி எனக்கும் தோன்றியது. உங்களைச் சந்தேகப்படுவதுபோல் இருக்குமென்று வெட்கத்தில் விட்டுவிட்டேன்.

றமணனை எங்கேயோ மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று தெரியாது.

தவராசா

ரெய்னர்ஸ் லேன்
11.10.2009

தம்பி,

உன்னோடு பேச முகமில்லை. காசு வந்த அன்று, என் தங்கை லலிதாவின் மகனை அதே முகாமிலிருந்து எடுக்க வழி கிடைத்தது. உன் காசை அதற்கு அனுப்பிவிட்டேன். இதோடு ஆயிரம் பவுணுக்குச் செக் இருக்கிறது. மிச்சத்தை மாதாமாதம் தருவேன். என்னை மன்னித்துக்கொள்.

வாமதேவன்

பிளேஸ்டோ
20.10.2009

வாமதேவன் அண்ணைக்கு,

உங்கள் மருமகன் வெளியில் வந்தது நல்லது. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காலையில் எழும்பி வேலைக்குப் போகிறேன், டைல்ஸ் பதிக்கிறேன், வந்து படுக்கிறேன். செக்கைத் திருப்பி அனுப்புகிறேன். இப்போது அதை யாரிடம் கொடுப்பது?

இரண்டு பேரில் ஒருவனைத்தான் எடுக்க ஏலும் என்று வந்தபோது என்னிடம் கேட்டிருந்தால், நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் கேட்கவில்லை. இனி எழுத வேண்டாம்.

தவராசா