சிஞ்ஞோராவின் இலையுதிர்கால மேசை

ஒக். 29, புதன்
காலை தூறல். பத்து மணிக்கு வெயில். நான் பார்த்துக்கொள்ளும் வயதான சிஞ்ஞோராவின் மருந்துப் பெட்டி நிரப்பியாயிற்று. ஜன்னல் துடைக்கவில்லை.

சனிக்கிழமை சகல புனிதர் திருநாள் விருந்து. அவருடைய மகனும் மகளும் வருகிறார்கள். தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதது யார் என்று சண்டை. மூன்று வருடமாகப் பேச்சில்லை. மேசை அலங்காரம் வருடாவருடம் சிஞ்ஞோராவே செய்வது. இந்த வருடம் வலது கை எழும்பாது. என்னைச் செய்யச் சொன்னார்.

"உயரமாகச் செய். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியக்கூடாது. அப்போதுதான் எழும்பிப் போகாமல் சாப்பிடுவார்கள்."

ஆறு வருடத்தில் இப்படி ஒரு வேலை சொன்னதில்லை.

ஒக். 30
வுச்சீரியா சந்தையில் மாதுளை நான்கு. வெடித்தது ஒன்று. கைக்குள் அடங்கும் பூசணி இரண்டு. பூங்காவில் பைன் காய் பதினொன்று. சிவந்த திராட்சை இலை இன்னும் வேண்டும்.

இவருக்கு, என் கணவருக்கு, ஊர்ப்புறச் சியாகுல்லியில் தோட்ட வேலை. காயோடு மந்தரீன் தோடைக் கொப்பு கேட்டேன்.

"பச்சைக் காய்தான் கிடக்கு. என்னத்துக்கு?"

"மேசையிலை வைக்க."

"சாப்பிட ஏலாததை மேசையிலை வைச்சு என்ன செய்யிறது? சரி, முதலாளியைக் கேட்டு வெட்டிக்கொண்டு வாறன்."

ஒக். 31
கொப்பு வந்தது, ஈரச் சாக்கில் சுற்றி. நீள மரத்தட்டில் பாசி, பைன் காய், பூசணி, மாதுளை. நடுவில் மண்குடம். அதில் கொப்பும் சிவந்த இலையும். இரண்டு முறை சரிந்தது. கம்பி கட்டினேன். விரல் கிழிந்தது. எதிரெதிர்க் கதிரைகளில் மாறி மாறி இருந்து பார்த்தேன்.

"இன்னும் ஒரு கொப்பு" என்றார் சிஞ்ஞோரா.

நவ. 1
மகள் முதலில். பிறகு மகன். இருவரும் தாயை மட்டும் முத்தமிட்டார்கள். பாஸ்தா முடியும்வரை முள்ளுக்கரண்டிச் சத்தம் மட்டும்.

இறைச்சியோடு போனேன். வெள்ளை விரிப்பில் எறும்பு வரிசை. கொப்பிலிருந்து இறங்கி நேரே மகனின் தட்டுக்கு. கழுவாமல் வைத்தது நான்தான்.

மகள் இலைகளை விலக்கிப் பார்த்தார். "உன்னிடம்தான் போகிறது. சின்ன வயதிலும் உன்னைத்தான் கடிக்கும்."

"நீ என் கட்டிலில் சீனி கொட்டுவாய். அதனால்" என்றார் மகன்.

யார் முதலில் சிரித்தது தெரியவில்லை. குடத்தை இருவருமாகத் தூக்கி பால்கனியில் வைத்தார்கள். திரும்பி வர அரை மணி. சிஞ்ஞோரா சாப்பிடாமல் பால்கனிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இறைச்சியைத் திரும்பச் சூடாக்கினேன்.

நவ. 3, திங்கள்
காற்று. உடுப்பு காயவில்லை. மகளிடமிருந்து போன். இன்னும் அண்ணன் வீட்டில்தான் நிற்கிறார். இருவருமாக முடிவெடுத்திருக்கிறார்கள்: அம்மா இனி வடக்கே தொரினோவில், மகளோடு. மாத முடிவில் மகன் கொண்டுபோய் விடுவார். "நீ சொன்னால் அம்மா கேட்பார்" என்றார் மகள். "ஓம், நீயே சொல்லு" என்று மகனின் குரலும்.

ஜனவரியில் என் பெர்மெசோ, இங்கே தங்கும் அனுமதி, புதுப்பிக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் கேட்பார்கள்.

இவரிடம் சொன்னேன்.

"உன்ரை எறும்பு பாத்த வேலை."

"சிரிக்காதேங்கோ."

"நான் சிரிக்கேல்லை. வேலைக்கு வேறை வீடு பாப்பம்."

நவ. 4
சூப் குடித்து முடித்தபின் சிஞ்ஞோராவிடம் சொன்னேன். போக மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்காகத்தான்.

"இரண்டு பேரும் ஒரே போனிலா பேசினார்கள்?"

"ஒரே போனில்தான்."

"பக்கத்தில் பக்கத்தில் நின்று?"

"ஓம்."

கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியென்றால் போகிறேன்."

உடுப்பு அடுக்க எந்தப் பெட்டி என்று கேட்டேன்.