முன்போலவே என்று நான் எழுதிய காடு

மலையிலிருந்து இறங்கினால் உன் வீட்டுக்குப் போகும் முன் என் வீட்டுக் கதவைத் தட்டும் என் தம்பி சங்கரனுக்கு,

நீ ஒருநாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "யக்கா, பாக்காத காட்டப் பாத்த மாதிரி எழுதலாமா?" பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே காலம் தள்ளியவள் நான். அன்றைக்கு உனக்குச் சொன்ன பதில் மட்டும் தப்பு. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். வாங்கிப் படிக்க நீ இல்லை. அதனால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீ போய் இந்தப் புரட்டாசியோடு மூன்று வருஷம். போன வாரம் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். கூட்டமெல்லாம் சந்நிதியைப் பார்த்து நிற்க, நான் மட்டும் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மடிப்பில் உன் பதினாறாம் கூறு இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்கக் காட்டுக்குப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை திட்டம் எழுதுவார்கள். எங்கே வெட்டலாம், எங்கே நடலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். மலையைக் கூறு கூறாகப் பிரித்து, எண் போட்டு, ஒவ்வொரு கூறிலும் ஆள் நடந்து போய், என்ன மரம், எவ்வளவு நெருக்கம், தண்ணீர் உண்டா என்று பார்த்து எழுதி வர வேண்டும். அதைக் கொண்டுதான் அடுத்த பத்து வருஷம் அங்கே கோடரி போவதும் போகாததும். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் திட்டத்தைப் புதுப்பித்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் நடந்து எழுதிய ஃபாரஸ்டர்களில் நீயும் ஒருவன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்த டெய்லரின் கதையை அப்போதுதான் உன்னிடம் சொன்னேன். ஒரு வருஷம் அவர் அளவெடுக்க வரவில்லை. போன வருஷத்து நோட்டைப் பார்த்தே தைத்து அனுப்பிவிட்டார். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேருக்குக் கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை. நான் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"எங்க ஆபீஸ்லயும் அந்த டெய்லரு உண்டுக்கா" என்றாய். "பழைய பிளானத் தொறப்பாவ, முன்போலவேன்னு எழுதுவாவ, மூடுவாவ. காடு என்ன செவுராக்கா, அப்பிடியே நிக்க?"

நீ அப்படி எழுத மாட்டேன் என்றாய். ஆறேழு மாதம் நடந்தாய். சனிக்கிழமை சாயங்காலம் ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வந்து நிற்பாய். காலெல்லாம் முள் கீறல், கையில் மழையில் நனைந்த நோட்டு. உன் கையெழுத்து கோழி கிளறிய குப்பைமேடு. "இத எழுதினவன் எந் தம்பின்னு வெளிய சொல்லிராதல" என்று திட்டிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான் நல்ல பிரதி எடுப்பேன். நீ வாசிக்க, நான் எழுத. நீர்மருது, காட்டு மா, ஈட்டி. போகாத இடமெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது.

பதினாறு மட்டும் மிச்சம் இருந்தபோது என் மகள் செல்வியின் கல்யாணம் வந்தது.

மடவார் வளாகம் கோயிலில் வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். நோட்டு ஆபீசுக்குப் போக வேண்டிய கடைசி நாள் சனிக்கிழமை. பதினாறுக்குப் போய் இறங்க இரண்டு நாள். புதன்கிழமை நீ வந்து இழுத்தாற்போலச் சொன்னாய்: "நாளைக்கு ஏறினா வெள்ளி சாயந்திரம் எறங்கிருவேன்."

"ஏலே, தாய்மாமன் கையப் பிடிச்சுத்தான பொண்ணு மணவறைக்கு வரணும்? யாரு வருவா, ஒங்க ஆபீசரா?"

"ஒத்தக் கூறுதாங்க்கா மிச்சம்."

"பழைய பிளான்ல என்ன போட்டிருக்கு?"

"முள்ளுக்காடு, நெருக்கமில்ல, விறகுக்கு ஆகும்னு."

"முள்ளு எங்க ஓடிப் போகப் போவுது?"

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். பாக்காத காட்டப் பாத்த மாதிரி எழுதலாமா?

நான் சொன்ன பதில் இது: "ஒரு வரிதானல. எவன் போயிப் பாக்கப் போறான்?"

நானே நோட்டை இழுத்து, பேனாவைத் திறந்து, என் முத்து முத்தான எழுத்தில் எழுதினேன்: பதினாறு, முன்போலவே. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவர்களுக்கெல்லாம் முட்டை போட்ட கை அது. நீ அந்த வரியைப் பார்த்துவிட்டு, பந்தலுக்கு வாழை மரம் கட்டப் போனாய்.

வெள்ளிக்கிழமை செல்வி உன் கையைப் பிடித்துத்தான் வந்தாள். "மாமா கை அன்னைக்கு அரம் மாதிரி இருந்துச்சும்மா" என்று இன்றைக்கும் சொல்வாள். அந்தக் கை அங்கே இருப்பதற்காக எது போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

நாலைந்து வருஷம் கழித்துப் பதினாறாம் கூறின் முறை வந்தது. வெட்டுக்கு ஏலம் விடும் இடத்தைக் கூப்பு என்பீர்கள். அந்தக் கூப்புக்கு எல்லை குறிக்க உன்னைத்தான் அனுப்பினார்கள். அன்றைக்கு நீ என் வீட்டுக்கு வந்த கோலம் எனக்கு மறக்கவில்லை. செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"யக்கா, அது முள்ளுக்காடு இல்ல."

"பொறவு?"

"ஓடைக்கு ரெண்டு பக்கமும் மருது. மேல கெள கெளயோட கோத்துக் கெடக்கு. வானமே தெரியல. மலையணிலு கூடு மட்டும் எம்புட்டு தெரியுமா? அது தரைக்கு எறங்காதுக்கா. மரம் விட்டு மரம் தாவியே போயிரும். ஓடைக்கு அந்தப்பக்கம் போவ அதுக்கு அந்தக் கெளதான் பாலம்."

பழைய திட்டக்காரர் முள்ளைப் பார்த்தது எந்தக் காலத்திலோ. அதற்குப் பிறகு காடு தன் போக்கில் வளர்ந்திருக்கிறது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல.

"ஆபீஸ்ல சொல்லேம்ல" என்றேன்.

"சொல்லாம இருப்பனா? நோட்டத் திருப்பி எம் மூஞ்சிக்கு நேரா காட்டுதாவ. முன்போலவேன்னு நீருதான எழுதினீருங்காவ."

நீ எழுதவில்லை. நான் எழுதினேன். அந்த நோட்டில் இருப்பது அக்கா கையெழுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. சொல்லவில்லை. அந்த வாசற்படியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு என்னுதுதான் என்று நானாவது சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. காப்பி போடட்டுமா என்று கேட்டேன். தம்பி, அன்றைக்கு நான் கேட்டது அது ஒன்றுதான்.

நீ மனு மேல் மனு எழுதினாய். அவர்கள் பதில் போடும் முன் லாரி ஏறிவிட்டது. ஓடையின் அந்தக் கரையை வெட்டி முடித்து, இந்தக் கரைக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றது. அது மறுபடி தொடங்கும் முன், எண்பதுகளின் கடைசியில், மலை முழுவதையும் அந்த அணிலுக்காகவே சரணாலயம் என்று அறிவித்துவிட்டார்கள். ஊரெல்லாம் நல்ல சேதி என்றது. நீ மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஒரு வெட்டு முந்தி வந்திருக்கலாம்க்கா" என்றாய். பிறகு நீ அந்தக் கூறைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

இனி நீ அறியாத சேதி. திட்டத்தை மறுபடி புதுப்பிக்கிறார்கள். போன மாதம், அந்நாளில் உன்னோடு காட்டில் நடந்த வாட்சர் மாடசாமி, வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறி, வேறு பஸ் மாறி என் வீடு தேடி வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"டீச்சரம்மா, பதினாறுக்கு மறுபடியும் அந்த வார்த்தையவே எழுதி வச்சிருக்காவ."

"எழுதினா?"

"முள்ளுக்காடுன்னு ஆயிரும்லா. சரணாலயம்னாலும் முள்ளுக்காடுன்னா கழிச்சுட்டு, குழி வெட்டி, புதுசா நடுவாவ. வெட்டின மருதெல்லாம் தூருல இருந்து துளுத்து நிக்கி. அம்புட்டும் போயிரும்."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சங்கரன் சாரு வருஷா வருஷம் தை மாசம் அங்க போவாவ. கம்ப நீட்டி, இந்தக் கரக் கெளைக்கும் அந்தக் கரத் துளிருக்கும் எம்புட்டுத் தூரம்னு அளப்பாவ. கடசியா போனப்ப மூச்சு வாங்கிச்சு. ஆறு கம்பு இருந்துச்சு. மூடிரும்டே மாடசாமின்னாவ."

நீ மறக்கவில்லை. என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொன்னால் அக்கா மனசு கஷ்டப்படும் என்றா?

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். புது ஃபாரஸ்டர் உன் வயதில் பாதிதான் இருப்பார். மரியாதையாக நாற்காலி போட்டார். பழைய நோட்டை எடுக்கச் சொல்லி, அந்த வரியில் விரல் வைத்து, "இது என் தம்பி எழுதினது இல்ல. நான் எழுதினது. அவன் அந்த இடத்தப் பாக்கவே இல்ல" என்றேன். இத்தனை வருஷம் கழித்து, ஒரு அந்நியரிடம், உனக்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

அவர் சங்கடப்பட்டார். "நம்புதேன் டீச்சர். ஆனா பாருங்க, நாளில்ல. ரெண்டு நாள்ல அனுப்பணும்."

"எம் மக கல்யாணத்துக்கு முந்தின ரெண்டு நாளும் இப்பிடித்தான் நாளில்லாமப் போச்சு, தம்பி."

அவர் நோட்டை மூடி வைத்தார். பிறகு மாடசாமியைக் கூப்பிட்டு, "காலைல ஜீப் போற வரைக்கும் ஜீப்ல போவோம்" என்றார். இப்போது பாதிக்கு மேல் ஜீப் பாதை இருக்கிறது. நானும் வருவேன் என்றபோது இருவருமே பதறிப்போனார்கள்.

"இது பள்ளிக்கூடத்து மாடிப்படி இல்ல டீச்சரம்மா" என்றார் மாடசாமி.

"நீரு முன்னால போம். நான் பெல் அடிக்கதுக்குள்ள வாரேன்."

பெல் அடித்து வெகு நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். முட்டி இரண்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆனால் பார்த்தேன் தம்பி. நீ வாசிக்க நான் எழுதிய மரங்களை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். அந்தக் கரையில் அடிமரங்கள் கறுத்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஏழெட்டுத் துளிர்கள், வீட்டு உயரத்துக்கு. இந்தக் கரையில் பழைய மருதுகள். நடுவில் வானம்.

அங்கே செத்த நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மேலே கூட்டிலிருந்து ஓர் அணில் வந்தது. சாம்பல் நிறம், உடம்பைவிட நீண்ட வால். கிளையின் நுனி வரைக்கும் வந்தது. அந்தக் கரையைப் பார்த்து நின்றது. முன்னங்காலை எடுத்து வைத்து, மறுபடி பின்னால் வைத்தது. பிறகு திரும்பிப் போய்விட்டது.

அது திரும்பிப் போனதை என்னால் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மாடசாமி எழுந்து போய்க் கம்பை நீட்டி அளந்து வந்தார். "நாலு கம்பு, டீச்சரம்மா. ரெண்டு கொறஞ்சிருக்கு."

ஃபாரஸ்டர் நோட்டை என்னிடம் நீட்டினார். "நீங்களே எழுதுங்க டீச்சர். ஒங்க கையெழுத்து அழகா இருக்கும்."

"பாத்தது நீங்க. நீங்களே எழுதுங்க" என்றேன்.

எழுதினார். எட்டிப் பார்த்தேன். உன்னைவிட மோசம், ஓர் எழுத்தும் நேராக நிற்கவில்லை. இரண்டு கரையிலும் மருது, அந்தக் கரையில் தூர்த் துளிர், கழிக்கக் கூடாது, அணில் கூடு உண்டு, கிளை இன்னும் சேரவில்லை என்று எழுதியிருந்தார். இத்தனை வருஷம் நான் திருத்திய தாள்களில் இவ்வளவு நல்ல விடையைப் பார்த்ததில்லை.

மேலே உள்ளவர்கள் இதை ஏற்பார்களா, தெரியாது. ஏற்றாலும் கிளை சேர எத்தனை வருஷமாகும், தெரியாது. அதுவரைக்கும் அந்த அணில் நுனிக்கு வந்து திரும்பிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு வாக்குத் தருகிறேன். தை மாதம் உன் அளவை நான் எடுப்பேன். முட்டி விடாவிட்டால், உன் கையைப் பிடித்து மணவறைக்கு வந்தவளை அனுப்புவேன். அவளுக்கும் அங்கே ஒரு கடமை இருக்கிறது. நாலு மூன்றாகும்போது உனக்கு எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கும் ஒரு மரத்தடிக்கு இன்றைக்குப் போய், நிமிர்ந்து பார்த்து, பார்த்ததை மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

காப்பி போடட்டுமா என்று மட்டும் கேட்ட,
உன் அக்கா