மீதி இரண்டு அடி

என் பிடிவாதக்காரனுக்கு,

ஆஸ்பத்திரிச் சூப்பில் உப்பில்லை என்று நர்ஸிடம் சண்டை போடாதே. நேற்று டிரிக்லாவ் மலை உச்சிக்குப் போனேன். உன் சிநேகிதன் யெர்னெய்தான் கூட்டிப்போனான். ஜூலையிலும் மேலே முழங்கால்வரை பனி. இரண்டு காலுறை போட்டும் உன் பூட்ஸ் லொடலொடவென்று ஆடியது.

உச்சியில் யெர்னெய் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "முதல்தடவை ஏறுறவங்களுக்குத்தான் முதுகுல மூணு கயித்தடி. நீ பழைய ஆளாச்சே, தப்பிச்ச" என்றான்.

"அந்த மூணையும் போடு. எனக்கு இதான் முதல்தடவை" என்று குனிந்து நின்றேன்.

டிரிக்லாவ் ஏறாதவளைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அன்று நீ வீறாப்பாகச் சொன்னாய். பன்னிரண்டு வயதிலேயே ஏறிவிட்டேன் என்று நான் புளுகினேன். உயரம் என்றாலே எனக்குத் தலை சுற்றும். முப்பத்தொரு வருஷமாக நீ ஏறும்போதெல்லாம் முழங்கால் வலி என்று கீழேயே உட்கார்ந்தது அதனால்தான்.

நாளை ஆபரேஷனுக்கு உனக்கு மயக்க ஊசி போடும்போது இந்தப் பொய் நமக்கு நடுவில் இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

யெர்னெய் சிரித்துச் சிரித்து ஒரு அடிதான் போட்டான். அடுத்ததற்குக் கையை ஓங்கியபோது தடுத்துவிட்டேன். மீதி இரண்டும் உன் கையால், அதே உச்சியில். என்னை அடிக்காமல் எங்கேயும் போய்விடாதே.

உன் புளுகுணி