தீவுக்கு வருமுன் படிக்க வேண்டியவை

சிங்கப்பூர்
9 மார்ச் 2024

அன்புத் தங்கை மோகனப்பிரியாவுக்கு,

1. இதை எழுதுபவன் உன் உடன்பிறந்த அண்ணன் சுரேந்தர். இங்குள்ள ஒரு நிறுவனத்தின் சட்ட ஆலோசகன்.

2. மாப்பிள்ளை மறைந்தபின் வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, சில நாள் இங்கு வந்து தங்கலாமா, வருமுன் என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். துறைமுக வரலாறு ஒன்றும் இத்தீவின் மரஞ்செடிகள் பற்றிய நூலொன்றும் அனுப்பியுள்ளேன். பார்த்தவுடன் புரிந்துவிடும் ஊரல்ல இது. படித்து முடித்து வருவதே முறை.

அன்புடன்,
சுரேந்தர்


கரூர்
2 மே 2024

அண்ணா,

நீ என் அண்ணன்னு நம்பர் போட்டுச் சொன்னாத்தான் எனக்குத் தெரியுமா?

ரெண்டும் படிச்சாச்சு. மழைமரம் எதுன்னு இப்ப நானே காட்டுவேன். அது நெழல்ல உக்காந்து உங்கூட ஒரு காபி குடிக்கணும், அவ்வளவுதான். அவரு காரியத்துக்கு நீ வரல. கோர்ட்டுல விசாரணை இருந்துச்சு, புரியுது. இப்ப நானே வரேங்கிறேன். அண்ணிக்கு நான் வர்றது பிடிக்கலையா? சொல்லிடு, தப்பா எடுத்துக்க மாட்டேன்.

மோகனா


சிங்கப்பூர்
20 மே 2024

அன்புத் தங்கைக்கு,

ஜூனில் இங்கு வெயில் கடுமை. ஆண்டிறுதியில் பார்க்கலாம். அதற்குள் படிக்க, தேக்கா கடைவீதியில் வாங்கிய மூன்று நூல்களை அனுப்புகிறேன். இங்கு குடியேறிய தமிழர்களைப் பற்றியவை.

அன்புடன்,
சுரேந்தர்


கரூர்
11 ஆகஸ்ட் 2024

அண்ணா,

வருஷம் பூரா ஒரே வெயில்தான்னு நீ அனுப்புன புத்தகத்துலயே போட்டிருக்கு.

அண்ணியப் பத்திக் கேட்டதுக்கு நீ பதில் எழுதல. புரிஞ்சுகிட்டேன். அவங்க மேல எனக்குக் கோவமில்ல. இனிமே புத்தகம் அனுப்பாத. நெஜமாவே கூப்பிடணும்னா, உங்க பத்திரம் மாதிரி ரெண்டு சாட்சி வச்சுக் கூப்பிடு.

மோகனா


சிங்கப்பூர்
25 ஆகஸ்ட் 2024

மோகனா,

1. இதை எழுதுபவன் சுரேந்தர். உன் கேள்வியை வேண்டுமென்றே விடையின்றி விட்டவன்.

2. உன் அண்ணி லீலா உன் வருகையை மறுக்கவில்லை. நீ வர விரும்புவதே அவளுக்குத் தெரியாது. பதில் சொல்லாதிருப்பது பொய்யாகாது என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். பழி அவள்மேல் விழுந்தது.

3. விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. வேலைதான் பெரிதென்று இருந்துவிட்டேன். நீ எதிரில் உட்கார்ந்தால் இதைச் சொல்ல நேரும். அதற்கு அஞ்சியே புத்தகங்களை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

4. உன் கடிதங்களை நேற்று லீலாவிடம் கொடுத்தேன். “இத்தனை மாசமா உங்க தங்கச்சி கண்ணுக்கு நான்தான் கெட்டவளா?” என்றாள். ரக்ஷனா, “அப்பா, புக் படிச்சாத்தான் அத்தைக்கு விசாவா? வரச் சொல்லுங்க லா” என்று இவ்வூர் ‘லா’ சேர்த்துச் சொன்னாள்.

5. இனிப் படிக்க வேண்டியது ஒன்றுமில்லை. நீ வரும் நாளில் சாங்கி விமான நிலையத்தில் நிற்பேன். மன்னிப்பதும் மறுப்பதும் உன் உரிமை. என் முகத்துக்கு நேரே சொல்.

(ஒப்பம்) சுரேந்தர்

சாட்சிகள்:

1. லீலா. எழுதினது அத்தனையும் நிஜம், மோகனா. வா, உன் அண்ணன நாம ரெண்டு பேருமா சேர்ந்து விசாரிக்கலாம்.

2. ரக்ஷனா