பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன்

இன்று செவிலிமேட்டு பஸ்ஸுக்காக நின்றபோது, பக்கத்துக் கடையில் உன் புத்தகத்தின் புதிய பதிப்பைப் பார்த்தேன். அட்டையில் விருது முத்திரை. எடுத்துப் பிரித்ததும் அச்சு மையின் வாசனை முகத்தில் அடித்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. முதலில் துக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வயிற்றெரிச்சல்தான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி என்றால் முதல் பரிசு எனக்கு, இரண்டாவது உனக்கு. பிறகு இருவரும் ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பட்டுப்புடவைக்கான டிசைனைக் கட்டம்போட்ட தாளில் வரைந்து தரும் வேலை. என் அன்னப்பறவை கட்டத்துக்குள் அடங்கி உட்காரும். உன்னுடையது கழுத்தைத் திருப்பி யாரையோ பார்க்கும். முதலாளி திருப்பி அனுப்புவார். நான் அழித்துச் சரிசெய்து தருவேன். "உன் கைக்கு அடக்கம் ஜாஸ்திபா" என்பாய். அதைப் பாராட்டு என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன்.

அதுவரை பேண்ட் சட்டையில் வந்துகொண்டிருந்த நீ, ஒரு நாள் காலை புடவை கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாய். உன் அண்ணன் உன் துணிப்பையைத் தெருவில் வீசிவிட்டுக் கதவைச் சாத்தினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. முனையில் சைக்கிளோடு நின்ற என்னை நீ பார்த்தாய். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெரு வழியாக வேலைக்குப் போய்விட்டேன்.

சென்னையில் மூன்று திருநங்கைகளோடு ஒரே அறையில் இருந்தாய், கடைப் பலகைகளுக்குப் படம் எழுதினாய் என்பதெல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும். ஆறு வருடம் கழித்து, உன் வாழ்க்கையை நீயே படங்களாக வரைந்த புத்தகம் வந்தது. கிராஃபிக் நாவல் என்றார்கள். டெல்லியில் விருது கொடுத்தார்கள். இந்த ஊரிலும் மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, புத்தகத்தைப் புரட்டி, உன் கோடுகளில் குறை தேடினேன். கட்டடங்கள் கோணல். விரல்கள் அளவுக்கு மீறி நீளம். ஆனால் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்மணி அதே புத்தகத்தை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தார். என் அன்னப்பறவையைப் பார்த்து யாரும் அழுததில்லை.

அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தது. அண்ணன் வீசிய பையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் உன்னோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறான். என் மூக்கு, என் நெற்றித் தழும்பு, என் சைக்கிள்.

கூட்டம் முடிந்ததும் உன்னைத் தனியே பிடித்துக் கேட்டேன். "நான் வரவே இல்லியே. ஏன் இப்படி வரைஞ்ச?"

"தெரியும். நீ திரும்பிப் போனதைப் பாத்துக்கினுதான இருந்தேன்" என்றாய். குரலில் கோபமே இல்லை. "தனியா நடக்கற மாதிரி நாலு தடவ வரைஞ்சு கிழிச்சேன். யாராவது கூட வரணும்னு இருந்துச்சுபா. கை உன்னத்தான் போட்டுச்சு."

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்படி ஒரு பக்கம் என் கைக்கு ஆயுளுக்கும் வராது என்றுதான் அந்த நேரத்திலும் மனம் பொருமியது. பிறகு நீ மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று தெரிந்தும், நாளை, நாளை என்று தள்ளினேன். பார்க்க வரவே இல்லை.

இப்போது உன் வாசகர்கள் என்னை வேலை செய்யும் இடத்துக்கே தேடி வருகிறார்கள். நெற்றியை உற்றுப் பார்த்து, "அந்தப் பையைத் தூக்கிக்கினு வந்தது நீங்கதானே சார்?" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இல்லை என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். ஆமாம் என்றுதான் வருகிறது. உன்மேல் இருந்த பொறாமை எனக்குப் பழகிவிட்டது. நீ வரைந்துவிட்டுப் போன அந்த மனிதன்மேல் உள்ள பொறாமைதான் இன்னும் அடங்கவில்லை.