கரிசலில் ஊற்றிய மோர்

இன்று காலை விளாத்திகுளத்துக்குக் கிளம்ப, மண்ணை அளக்கும் கம்பிகள் இருக்கும் சாக்கை அவிழ்த்தேன். புளித்த மோர் வாடை குப்பென்று அடித்தது. உன் வேலைதான். கம்பிகளோடு மோர் பாட்டிலையும் வைப்பாய், மூடியைச் சரியாக மூடவே மாட்டாய். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது, வாடை போகவில்லை.

பசுவந்தனைப் பக்கம் ராசம்மாவின் மனையில்தானே இந்த மோர்ப் பழக்கம் ஆரம்பித்தது? வீடு கட்டச் செங்கல் இறக்கிய டிராக்டரின் சக்கரம் ஒரு மூலையில் பொதுக்கென்று இறங்கிவிட்டது. ராஜா காலத்துச் சுரங்கம் என்றது ஊர். சுரங்கம் என்றால் அங்கே வீடு கிடையாது. பல வருஷம் வாடகை வீட்டில் கிடந்தவள், மண்ணுக்கடியில் என்ன என்று அளக்கப் போன நம் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்திரை வெயில். நான்கு கம்பிகளை வரிசையாக அடித்து மின்சாரம் விட்டோம். மண்ணுக்குள் வெற்றிடம் இருந்தால் மின்சாரம் தயங்கும், மீட்டரில் எண் ஏறும். நகர்த்தி அடித்த இடமெல்லாம் ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ கத்திவிட்டாய்: “ஏலே, சொரங்கம்லே! தெரு நீளத்துக்குப் போவுது!” ஊர்க்காரர் ஒருவர் சந்தோஷத்தில் தேங்காயே உடைத்துவிட்டார். ராசம்மா செங்கல் அடுக்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நீ ஒரு கம்பியைப் பிடுங்கப் போனாய். இரண்டு விரலுக்கே வந்துவிட்டது. கரிசல் வெடிப்புக்குள் கம்பியை இறக்கியிருக்கிறோம். அது மண்ணைச் சரியாகத் தொடவே இல்லை, அதனால்தான் எண் ஏறியிருக்கிறது. ஊற்றி ஈரமாக்க வேண்டிய உப்புத்தண்ணீர்க் கேனை நீ டீக்கடையில் மறந்திருந்தாய். ராசம்மா நமக்குக் கொண்டுவந்த உப்பு மோரைச் செம்போடு தூக்கிக் கம்பிகளுக்கு ஊற்றினாய்.

“குடிக்கத் தந்தா மண்ணுக்கு ஊத்துதீங்களே அண்ணாச்சி!”

“ஒன் வீட்டுக்குத்தாம்மா ஊத்துதேன்.”

எண் சரசரவென்று இறங்கியது. சுரங்கத்தைக் காணோம். சக்கரம் இறங்கிய மூலையில் மட்டும் சின்னதாக ஓர் ஏற்றம் மிஞ்சியது. தோண்டினால் பழைய தானியக் குழி. கல்லும் மண்ணும் போட்டு நிரப்பினால் போதும்.

“பேசாம ரிப்போர்ட்டுல திருத்திக்கிடுவோம்” என்றேன். நீ கேட்கவில்லை. “கத்திச் சொன்னதக் கத்தித்தாம்லே திருத்தணும்” என்று செங்கல் மேல் ஏறினாய். “சொரங்கம் இல்ல! நாந்தான் கூறுகெட்டுப் போய்ச் சொல்லிட்டேன்!” தேங்காய் உடைத்தவர் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். ஊரில் நமக்குச் சொல்லியிருந்த சாப்பாடும் போனது.

இன்று நானும் அதையே செய்தேன். அவசரத்தில் தண்ணீர் ஊற்றாமல் அளந்து, “இங்கன குழி இருக்கு” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மத்தியானம் பார்த்தால் கம்பி வெடிப்பில் நிற்கிறது. யாரும் கவனிக்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். சாக்கிலிருந்து அந்த வாடை வந்துகொண்டே இருந்தது. ஏறி நிற்கச் செங்கல் இல்லை, தரையில் நின்றே கத்தினேன். சாப்பாடு போச்சு. சொல்லிச் சிரிக்க நீ இல்லையே என்று அழுகையே வந்துவிட்டது.

பசியோடு, கொஞ்சம் சுற்றி, ராசம்மா வீட்டு வழியாக வந்தேன். வீட்டுச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே போய் இரண்டு செம்பு மோர் கொண்டுவந்தாள். “ஒண்ணு அவியளுக்கு. மண்ணுக்கு ஊத்திராதீங்க” என்று வாசலிலேயே காவல் நின்றாள்.

உன் பங்கையும் நானே குடித்தேன்.