கலங்கலை இடித்த பக்கம்

நவம்பர் 24, 2015

மறுபடி மழை. ஏரி நிரம்பியதில் மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. பெருநகருக்குப் போகிற பஸ் நின்று போனதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பாப்பாவின் துணிகளை அடுப்பின் மேல் பிடித்துக் காய வைக்கிறேன்.

நவம்பர் 30

காலனியில் முழங்கால் தண்ணீர் என்று அம்மா போன் செய்தாள். இங்கே வந்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. கல்யாணமாகி நான்கு வருஷம், அவளை இந்த வீட்டுக்குள் யாரும் கூப்பிட்டதில்லை. மாமாவிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவருடைய பார்க்கலாம் எனக்குத் தெரியாதா?

டிசம்பர் 1

ஏரிக்கரை கசிகிறது. உடைந்தால் ஊர்த்தெருவும் நெல்லும் போய்விடும். தண்ணீர் வழிகிற கலங்கலை இடித்துவிட்டால் வெள்ளம் காலனிப் பக்கம் திரும்பும், ஊர் பிழைக்கும். ஊர் ஆம்பளைகள் காலையிலேயே பேசி முடித்துவிட்டார்களாம். கடப்பாரை எடுக்க வந்தபோதுதான் என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்.

"எங்கம்மா அங்க கீறாங்க."

"தெரியும். கரை ஒடைஞ்சா நம்ப கொழந்தைய இன்னா பண்றது?"

அம்மாவுக்குப் போன் போகவில்லை, அப்பாவுக்கும். நேற்றிலிருந்து கரண்ட் இல்லை, சார்ஜ் எங்கே இருக்கும்? பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைவரை ஓடினேன். காலனிக்குப் போகிற வழியில் இடுப்பளவு தண்ணீர், ஆளை இழுக்கிறது. திரும்பிவிட்டேன். வேற இன்னா பண்ணுவேன் நான் — கொழந்தைய வெச்சிக்கினு?

டிசம்பர் 2

உயிரோடு இருக்கிறார்கள். சர்ச் மாடியில் ஏறிக்கொண்டார்களாம், பால்காரர் சொன்னார். வீடு போய்விட்டது, இரண்டு ஆடும்.

இவர் குளிக்கச் சுடுதண்ணீர் கேட்டார். வைத்துக் கொடுத்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

டிசம்பர் 3

எழுத ஓடவில்லை.

டிசம்பர் 4

காலனி ஜனம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறது. ஊரிலிருந்து அண்டாவில் சாம்பார் சாதம் போனது. அத்தையோடு நானும் பரிமாறப் போனேன். அம்மாவைப் பார்க்க வேறு வழி தெரியவில்லை. யாரோ கொடுத்த நைட்டியில், அப்பாவுக்குப் பக்கத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கரண்டி போடப் போனேன். கையை நீட்டி மறித்தாள்.

"போதுங்கம்மா."

ஊர்ப் பெண்களிடம் பேசுகிற மாதிரி. பெத்த பொண்ணுகிட்ட. கோபமா, இல்லை அத்தை பக்கத்தில் நின்றதாலா? கேட்க முடியவில்லை. அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். தார்ப்பாய் கட்டிக் குடிசை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பாப்பாவோடு போனேன். இவரை நான் கூப்பிடவில்லை. அப்பா தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா பேத்தியை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சினாள். பிறகு பக்கத்துக் குடிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி வந்து எனக்குப் போட்டாள். அவள் தரையில் உட்கார்ந்தாள். நானும் கீழே உட்காரப் போனேன்.

"ஈரம். பொடவ பாழாப்பூடும். நாற்காலில ஒக்காருங்க."

உட்கார்ந்தேன்.